அஞ்சு குதிரையும் ஆலங்குடிக் கிணறும்

இஞ்சின் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்று ஆலங்குடிப் பக்கமிருந்து ஆள் வந்தது. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் அறுபதுகளில் அந்த வட்டாரத்தில் நான் பிரித்து மாட்டாத ஆயில் இஞ்சின் கிடையாது.

விவசாயி பெயர் கருப்பையா. மழைக்காலத்தில் கிணறு நிறைந்திருந்தபோது ஒரு கம்பெனி ஏஜென்ட் மேட்டிலேயே இஞ்சினைப் பூட்டி, அஞ்சு ஹார்ஸ் பவர், அஞ்சு குதிரைக்குச் சமம், இனிமேல் கமலை இறைக்க மாடு எதற்கு என்று பேசியிருக்கிறான். மனுஷன் ஜோடி மாட்டை விற்றுவிட்டார். சித்திரையில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. கடலைச் செடியின் விழுது மண்ணில் இறங்கும் சமயம். தண்ணீர் தவறினால் அத்தனையும் பொக்கு, பருப்பில்லாத வெறும் கூடு.

நான் போனபோது ஏஜென்டும் அங்கேதான் நின்றான். எட்டுக் குதிரை இஞ்சின் எடுத்தால் சரியாகிவிடும் என்று மறுபடியும் ஆரம்பித்தான். கருப்பையா மனைவி அடகுக்குத் தோட்டைக் கழற்றத் தயாராக நின்றது.

"எட்டில்ல, எண்பது குதிரை கட்டுனாலும் மேட்டுல இருந்து பம்பு இம்புட்டு ஆழம் உறியாதுங்க" என்றேன்.

"மிஸ்திரி, ஹார்ஸ் பவர்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"குதிரை தெரியாது. கெணறு தெரியும்."

அந்தம்மா குறுக்கே வந்தது. "ஏங்க, அந்த அஞ்சு குதிரையில ஒண்ணாச்சும் சாணி போடுமா? உழவுக்கு வருமா?"



கிணற்றுக்குள் பாறையில் மேடை வெட்டி, வடம் கட்டி, இஞ்சினையும் பம்பையும் தண்ணீருக்குக் கிட்டே இறக்கினேன். புகைக்குக் குழாயை மேலே ஏற்றினேன். அதே அஞ்சு குதிரைதான். வாய்க்கால் நிறைய ஓடியது. கடலை பிழைத்தது. ஏஜென்ட் வந்து, "எங்க இஞ்சின் எப்படி?" என்று வாய்க்கால் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அந்த வருஷம் கருப்பையா உழவுக்கு அடுத்தவர் மாட்டுக்குக் காத்துக் கிடந்தார்.

பிற்பாடு திருச்சி ஃபோர்மேன் ஒருவர் ஹார்ஸ் பவர் என்ற வார்த்தையின் பிறப்பைச் சொன்னார். வெள்ளைக்காரன் ஊரிலும் சுரங்கத் தண்ணீரைக் குதிரை பூட்டித்தான் இறைத்தானாம். புது இஞ்சின் விற்க வந்தவன், இத்தனை குதிரை வேலையை இது செய்யும் என்று கணக்குக் கட்டிச் சொன்னானாம். ஆக, அது விற்கிறவன் வாயில் வளர்ந்த வார்த்தை. கேட்டதும் எனக்குக் கோபம் இரட்டிப்பானது.

இப்போது மோட்டார் வேலைக்கு வரும் இளவட்டங்களும் எடுத்த எடுப்பில் எத்தனை ஹெச்.பி. என்றுதான் கேட்கிறார்கள். முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள். அதுவரை யாரையும் மாட்டை விற்கச் சொல்லாதீர்கள்.