தூளியில் எடுத்த கணக்கு

விவசாயி வீட்டில் பிறந்தவன், அட்டையைக் கண்டு ஓலமிட்டேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. போன வாரம் நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் வயலில் நடவு. ஓய்வுபெறுவதற்குள் ஒருநாளாவது நாற்று நட்டுவிடுவோம் என்று இறங்கினேன். கெண்டைக்காலில் ஒன்று ஒட்டியது. நான் போட்ட சத்தத்தில் கொக்குகள் அடுத்த ஊருக்குக் குடிபோய்விட்டன. நடவுக்கு வந்திருந்த செல்லம்மா அக்கா, சுருக்குப்பையிலிருந்து புகையிலையை எடுத்துக் கசக்கித் தேய்த்தார். அந்த நெடி என்னை முப்பது வருஷத்துக்கு முந்தைய மலைக்குக் கொண்டுபோனது.

என் முதல் வேலை ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. வாத்தியார் இருக்கும்போது வேறு யார் எண்ணுவது? உச்சியில் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்குத் தாத்தாக்கள் பஞ்சம் பிழைக்க ஏறியிருந்தார்கள். பேரன்கள் பனியன் கம்பெனிக்காக இறங்கிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களை எண்ண அன்றுதான் கடைசி நாள்.

"ஆளே இல்லைன்னு பதிஞ்சிட்டா, எங்க டிஸ்பென்சரிய மூடிடுவாங்க சார்" என்றார் அந்தோணி. மேலே காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர். போர்க்காலத்தில் ராணுவ மருத்துவப் பிரிவில், பனிமலையிலிருந்து அடிபட்டவர்களைச் சுமந்து இறக்கியவர். என்னை அழைத்துப்போகவே இறங்கி வந்திருந்தார். "ரெண்டு மணி நேரம் சுத்தி ஏறணும். வாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. எதிரே தெரிகிறதே! எங்கள் சீமையில் கண்ணுக்குத் தெரிகிற ஊருக்கு, வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் போய்விடலாம், நடுவில் வரப்புதான். "நீங்க சுத்தியே வாங்க" என்று சொல்லிவிட்டு நேராக நடந்தேன். இங்கே நடுவில் பள்ளத்தாக்கு இருந்தது.

கணுக்கால் பிசகி, உடம்பெல்லாம் அட்டையோடு ஓடையோரம் கிடந்தேன். அலறல் கேட்டு அந்தோணி நாலு பேரோடு வந்தார். இரண்டு மூங்கிலில் கம்பளியைக் கோத்துத் தூளி கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்துவிட்டு அந்தோணி நிதானமாகப் பீடி பற்றவைத்தார்.

"செத்துட்டிருக்கேங்க!"

"சத்தம் போடுறவன் பொழைச்சுக்குவான் சார். பேசாம கெடக்குறவனத்தான் நாங்க மொதல்ல தூக்குவோம்."

புகையிலைத் தண்ணீர் தெளித்து அட்டைகளை உதிர்த்தார். கட்டுப் போட்டார். தூக்கினார்கள், மேல்நோக்கி.

"ஆஸ்பத்திரி கீழதானே இருக்கு?"

"டிஸ்பென்சரி மேல இருக்கு. இருக்கணும்ல? எண்ணிட்டு எறங்குங்க."

மல்லாந்தபடியே எண்ணினேன். ஒரு கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. படுத்துக்கொண்டு வந்த வாத்தியாரை வேடிக்கை பார்க்கக் கைக்குழந்தை முதல் கிழவர் வரை வெளியே வந்துவிட்டார்கள். படிவம் நனைந்தது, ஒரு தலைகூட விடுபடவில்லை. டிஸ்பென்சரி பிழைத்தது, இன்னும் சில வருஷத்துக்கு.

இப்போது அங்கே லைனும் இல்லை, டிஸ்பென்சரியும் இல்லை. யானைகள் போகிற வழியாம். அந்தோணியும் போய்விட்டார், சத்தமே போடாமல்.

இதையெல்லாம் வரப்பில் உட்கார்ந்து செல்லம்மா அக்காவிடம் உருகி உருகிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி சார். கொஞ்சம் எந்திரிங்க, நாத்துக்கட்டு மேல உக்காந்திருக்கீங்க."