ஹமீது பாயும் எங்க வூட்டு சீரியல் லைட்டும்

வெள்ளிக்கிழமை விடிகாலையில, இருட்டோடவே மோட்டார் போட்டுட்டு துளசிக்குத் தண்ணி ஊத்திகினு இருந்தேன். ஹமீது பாய் மௌத்தாயிட்டாருன்னு பள்ளிவாசல் மைக்குல சொன்னாங்க. அப்படியே படியில குந்திட்டேன். மேல டேங்கு ரொம்பி தெருவுல தண்ணி ஓடுது. "தங்கச்சி, மோட்டார நிறுத்து"ன்னு எதிர்வூட்லருந்து பாயோட குரல் வரல. அப்பதான் ஒறைச்சிது, மனுசன் போயிட்டாருன்னு.

அவரப்பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? திருவிடந்தையில எந்த விசேஷம்னாலும் மைக் செட்டு, சீரியல் லைட்டு எல்லாம் அவரு கடைதான். ஊருக்கே லைட்டு வாடகைக்கு வுட்டுட்டு, வூடு வூடா போயி நிறுத்து நிறுத்துன்னுவாரு. "இன்னா பாய், உங்க பொழப்புல நீங்களே மண்ணப் போட்டுக்கிறீங்க"ன்னா, "கல்யாணத்துக்கு எரியட்டும்மா, காலியா கீற ரூமுக்கு எதுக்கு?"ம்பாரு.

எங்க ரெண்டு பேருக்கும் ஓயாத வழக்கு ஒண்ணு. எங்க பெருமாள் படத்த சுத்தி அவரு கடையில வாங்குன சீரியல் லைட்டுதான், ராவும் பகலும் எரியும்.

"கோயில்லயே நடைய சாத்தி அவர தூங்க வுட்றாங்க. நீ மூஞ்சில லைட்ட அடிச்சிகினு கீற. பாவம்மா அவரு."

"என் வூடு, என் கரெண்டு, என் பெருமாளு. உங்களுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல. நீ எரிய வுடு, நான் சொல்லிகினே கீறேன்."

போன கோடையில டிரான்ஸ்பார்மர் சும்மா சும்மா பழுதாச்சி. தெருவுல கூட்டம் போட்டாங்க. வூட்டுக்கு ஒரு ஏசிதான், வாசல் லைட்டும் சாமி லைட்டும் ராத்திரி எட்டு மணிக்கு மேல கூடாது, மீறினா அபராதம்னாங்க. சாமி லைட்டுன்னதும் அத்தினி பேரும் என்னப் பாத்தாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சி. பாய்க்கு இதானே வேணும்னு நெனச்சேன். அவரு எழுந்து, "தங்கச்சி பூஜை ரூமுக்கு ரூல் போட நாம யாரு? கேக்கலாம், சண்டை கூட போடலாம். அவங்க வூட்டு சுவிட்சு மேல அவங்க கைதான் போவணும்"னாரு. சாமி லைட்ட மட்டும் ரூல்லருந்து எடுத்துட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி பெருமாளுக்கு பால் வச்சேன். அகல் ஒண்ணு போதும்னு தோணிச்சி. "தூங்குப்பா"ன்னு சொல்லி சீரியல் லைட்ட நானே நிறுத்தினேன்.

காலையில பாய், "இன்னா, பியூஸ் போயிடுச்சா?"ன்னாரு.

"பெருமாள தூங்க வச்சேன்."

சிரிச்சிகினே போனாரு. ஏகாதசிக்கு மட்டும் விடிய விடிய எரிய வுடுவேன். அதுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்ல.

ஜும்மா முடிஞ்சி அவர அடக்கம் பண்ண எடுத்துகினு போனாங்க. விடியறதுக்கு முன்ன அவரு வூட்டு வாசல்ல கட்டின டியூப்லைட்டு, சுள்ளுன்னு அடிக்கிற வெயில்லயும் எரிஞ்சிகினே கீது. அவரு சம்சாரத்தாண்ட குனிஞ்சி, "அண்ணி, நிறுத்தட்டுமா?"ன்னேன். அழுதுகினு இருந்தவங்க மூஞ்சில சின்னதா ஒரு சிரிப்பு. "நிறுத்தும்மா. அவரு இருந்தா இந்நேரம் வரைக்கும் எரிய வுட்டிருப்பாரா?"

அவருகிட்டருந்து நான் எனக்குன்னு வச்சிகினது அதான். சும்மா எரியறதப் பாத்தா வாய மூடிகினு போவ மாட்டேன். கேக்காம கையும் வைக்க மாட்டேன்.