திருவிருந்துக்கு எழாத ஞாயிறுகள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். தேனியில் ஆசிரியை வேலை கிடைத்த சில மாதங்களிலேயே, அங்குள்ள ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. என் உச்சரிப்பு சுத்தமாக இருப்பதாக ஆயர் சொன்னார். முன்வரிசையில் உட்காரும் கடைவீதிக் குடும்பத்துப் பெண்கள் என்னைத் தங்களோடு உட்கார வைத்துக்கொண்டார்கள். ஊரில் என்ன செய்கிறோம் என்று அவர்களில் மூத்தவர் கேட்டபோது, "கம்பத்துக்குத் தெற்கே, திராட்சைத் தோட்டம்" என்றேன். அம்மா திராட்சைத் தோட்டத்தில்தான் இருக்கிறாள், கூலிக்கு. அதை நான் சொல்லவில்லை. "சொந்தத் தோட்டமா, பரவாயில்லையே" என்றார். சிரித்துவைத்தேன்.

மாதம் ஒருமுறை அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து ஞாயிறு ஒன்றில், சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வந்துவிட்டாள். ஆராதனை தொடங்கிய பிறகு, கடைசி வரிசையில் மடியில் ஒரு பையோடு அவள் உட்கார்ந்திருப்பதை வாசிக்க எழுந்தபோதுதான் பார்த்தேன். அன்றைய பாடம், திருவிருந்துக்குக் கூடிவந்த இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு, இல்லாதவர்களை வெட்கப்படுத்தியதைப் பற்றியது. ஒரு சொல் பிசகாமல் வாசித்து முடித்தேன்.

திருவிருந்துக்கான முதல் சுற்றிலேயே எழுந்துபோய் பீடத்தின் முன் முழங்காலிட்டேன். அம்மா வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. ஆனால் எங்கள் ஊரில் ஒரு வீட்டார் சேர்ந்துதான் போவோம். அவள் பின்னாலேயே விறுவிறுவென்று வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் ஏந்தினாள். மருந்தடித்த கொடிகளைத் தொட்டுத் தொட்டு அவள் நகங்களில் மயில்துத்தத்தின் நீலம் ஏறியிருந்தது.

ஆயர் அவளை அதற்குமுன் பார்த்ததில்லை. குனிந்து, "திடப்படுத்தல் எடுத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். விசுவாசத்தை அறிக்கை செய்யும் அந்தச் சடங்கைப் பெற்றவர்களுக்குத்தான் எங்கள் சபையில் அப்பமும் ரசமும். அம்மா பெற்றவள்தான். விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் கொடிக்கு அடியில் நின்று வேலை பார்த்தபடியே மனப்பாடம் செய்தாள். பள்ளி விடுமுறையில் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தது நான். ஆனால் அந்தப் பெரிய ஆலயத்தில் அவளுக்கு வாய் எழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

எங்க அம்மாதான் ஐயா என்று நான் சொல்லியிருந்தால் போதும். எனக்கு மறுபக்கம், சொந்தத் தோட்டமா என்று கேட்ட அந்தக் கடைவீதி அம்மா முழங்காலிட்டிருந்தார். நான் கண்ணை மூடி, தலையைக் குனிந்து, ஜெபிப்பவளைப் போல இருந்துகொண்டேன். ஆயர் அம்மாவின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு அடுத்தவரிடம் போனார். ரசப் பாத்திரம் வந்தபோதும் அவளைக் கடந்து போயிற்று. எனக்குக் கொடுத்தார்கள். குடித்தேன்.

வெளியே வந்ததும் யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் அவளைப் பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போய், எங்கள் ஊர் வழியாகப் போகும் லோயர் கேம்ப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவள் எதுவும் கேட்கவில்லை. அதனால் அவளுக்குப் புரியவில்லை என்று முடிவு செய்தேன். படிக்காதவள்தானே என்று நினைத்ததை இப்போது எழுதவே கை கூசுகிறது.

அடுத்த இரண்டு மாதமும் தவறாமல் திருவிருந்து எடுத்தேன். பிறகு, அம்மாவோடு தோட்டத்தில் வேலை செய்யும் அத்தை ஒருத்தி போன் செய்தாள்.

"ஏத்தா, ஒங்கம்மா ரெண்டு மாசமா திருவிருந்துக்கு எந்திரிக்க மாட்டேங்குறா. உபதேசியாரு கேட்டாக. ஒருத்தி மேல மனசுல வருத்தம் கெடக்குன்னு மட்டும் சொல்றா. எவளுன்னு சொல்ல மாட்டேங்குறா. தோட்டத்துல கூட நிக்கிற நாங்க நாலு பேரும் நம்மளாத்தான் இருக்கும்னு ஆளுக்கொரு தடவ போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டோம்."

மனத்தாங்கல் இருந்தால் பேசித் தீர்த்துவிட்டுத்தான் முழங்காலிட வேண்டும், தீராவிட்டால் எழக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அதை நான் ஏட்டிலும் படித்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளியில் பாடமாகவும் நடத்தியிருக்கிறேன்.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போனேன். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். ஆயர் கேட்டது காதில் விழுந்தது, வேண்டுமென்றேதான் பேசாமல் இருந்தேன் என்றேன். தோட்டம் நம்முடையது என்று அவர்கள் நினைக்க விட்டதையும் சொன்னேன்.

"அப்பிடியா. மொதலாளியம்மாளப் பெத்துட்டுத் தெரியாமயே இருந்திருக்கேன்" என்றாள். துவைப்பதை நிறுத்தவில்லை. கொஞ்சம் கழித்து, "ஓங் கண்ணு மூடியிருந்துச்சு. ஆனா இமை துடிச்சுகிட்டே இருந்துச்சுத்தா. நான் அதத்தான் பாத்துகிட்டிருந்தேன்" என்றாள்.

அழுதேன். அவள் தேற்றவில்லை. நாளைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போகலாமா என்று கேட்டேன்.

"நீ சொல்லிட்ட. எனக்கு இன்னும் ஆறல. ஆறாம அங்கன போயி கைய ஏந்துனா, அது நான் சொல்ற பொய்யி."

மறுநாள் எங்கள் ஊர் ஆலய ஆராதனையில் எங்கள் வரிசை எழுந்தது. அம்மா உட்கார்ந்தே இருந்தாள். அவள் எழாமல் என்னால் எழ முடியவில்லை. மற்றவர்கள் பீடத்துக்குப் போக வழிவிட்டு நாங்கள் இருவரும் கால்களை ஒதுக்கிக்கொண்டோம். அத்தை என்னைக் கடக்கும்போது நின்று அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்த ஒருத்தி யார் என்று அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் தலையைக் குனியவில்லை.