ரீல் மாறிய பிரெஞ்சுப் படம்

என் கையெழுத்து ஒரு வரி மேலேயும் ஒரு வரி கீழேயுமாகப் போகும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த ர, எந்த ற என்பது எனக்கு எப்போதும் தகராறுதான். அச்சுக் கோர்க்கிறவர் பொறுத்துக்கொண்டு திருத்திப் போட வேண்டும். நேரில் சொல்லச் சொன்னால் இதில் பாதிகூட என் வாயிலிருந்து வராது.

கட்டுமாவடியில் நானும் என் சிநேகிதனும் ஒரே வள்ளத்தில் மீன்பிடித்தோம். வள்ளம் அவனுடைய வாப்பா விட்டுப்போனது. வலை என்னுடையது. சண்டைக் காலத்தில் துணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, காரைக்காலிலிருந்து சுங்கம் கட்டாத துணியைப் பலரும் கடல் வழியாகக் கொண்டுவந்தார்கள். நாங்களும் கொண்டுவந்தோம். அதை நியாயம் என்று சொல்ல நான் வரவில்லை.

ஒருமுறை எனக்கு நாள்விட்டு நாள் வரும் முறைக்காய்ச்சல். அவன் தனியாகப் போய், காரைக்கால் வள்ளத்திலிருந்து மூட்டைகளை நடுக்கடலில் மாற்றிக்கொண்டு வந்தான். கரை தட்டுகிற இடத்தில் சுங்கத்துக்காரர்கள் காத்திருந்து, மூட்டைகளோடு அவனையும் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் ஊர் அன்றே முடிவு செய்துவிட்டது.

"அன்னைக்குன்னு பாத்து இவனுக்குக் காய்ச்சலாம்ல" என்றார்கள். பிறகு யார் தும்மினாலும், "என்னய்யா, எவனைப் பிடிச்சுக் குடுக்கப் போற?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நான் பதில் பேசவில்லை. நான்கு பேர் முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேசாமல் இருந்ததே சாட்சி ஆகிவிட்டது.

அவன் ஜெயிலிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகியும் நான் போய்ப் பார்க்கவில்லை. அவனும் வரவில்லை. வள்ளம் கரையில் கவிழ்ந்தே கிடந்தது. ஊர் சொன்னதை அவனும் நம்பிவிட்டானா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதைக் கேட்கப் பயந்துதான் போகவில்லை.

அந்த வாரம் டூரிங் கொட்டகைக்கு வரவேண்டிய தமிழ்ப் படப்பெட்டி வரவில்லை. முதலாளி காரைக்காலில் சும்மா கிடந்த ஒரு பிரெஞ்சுப் படத்தை வாங்கிவந்தார். பாஷை தெரியாதே என்று, பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் கடை வைத்திருந்து திரும்பிய ஒரு பெரியவரைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கையில் ஒரு மூங்கில் குச்சியோடு அவர் கதை சொன்னார்.

இரண்டு சிநேகிதர்கள். இருவரும் திருடர்கள். ஒரு நகைக்கடையின் கண்ணாடியை உடைக்கிறார்கள். ஒருவனுக்கு மனைவியும் கைக்குழந்தையும் உண்டு. அவனைப் போலீஸ் பிடிக்கிறது. இன்ஸ்பெக்டர் சிகரெட் கொடுத்துப் பேசுகிறார். அவன் குனிந்த தலையோடு ஏதோ சொல்கிறான்.

"சிநேகிதனைக் காட்டிக் குடுத்துட்டான்" என்று பெரியவர் குச்சியால் அவன் மூஞ்சியைத் தொட்டுக் காட்டினார். அடுத்து மற்றவன் கையில் விலங்கு. அத்தோடு ரீல் முடிந்தது.

கொட்டகையில் ஒரே மிஷின். ஒவ்வொரு ரீலுக்கும் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை மாட்டுவார்கள். விளக்கு எரிந்ததும் மணலில் உட்கார்ந்திருந்த தலைகள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தன. நான் பின்னால் தனியாக இருந்தேன். என்னைச் சுற்றி ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் விட்டிருந்தார்கள்.

"அந்தத் தொரைக்கும் அன்னைக்குக் காய்ச்சலா?" என்று வலை பின்னுகிற ஒருவன் கேட்டான். கொட்டகையே சிரித்தது.

எழுந்து போய்விட நினைத்தேன். ஆனால் வாசலை ஒட்டி என் சிநேகிதன் உட்கார்ந்திருந்தான். அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்குத் தைரியம் இல்லாமல் மணலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

அடுத்த ரீலில் அதே இரண்டு பேரும் ஒரு சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து, நீள ரொட்டியைப் பிய்த்துத் தின்று, தோளைத் தட்டிச் சிரித்தார்கள். பெரியவர் குச்சியைத் தாழ்த்திவிட்டுத் திரையையே உற்றுப் பார்த்தார்.

"என்னங்க மாமு, விலங்கு மாட்டுனவன் சோறு திங்கிறானே?" என்று ஒருவர் கேட்டார்.

"அது... விடுதலையாகி வந்துட்டான். சிநேகிதனை மன்னிச்சு விட்டுட்டான்" என்றார் பெரியவர்.

"அதுக்குள்ளயா? தாடிகூட மொளைக்கலையே?"

"பிரெஞ்சுக்காரன் ஜெயில்ல தெனம் சவரம் பண்ணி விடுவான். பேசாமப் படத்தப் பாரு."

அந்த ரீலும் முடிந்து விளக்கு எரிந்தது. இந்தத் தடவை தலைகள் என் பக்கம் திரும்பவில்லை. என் சிநேகிதன் பக்கம் திரும்பின. அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"மச்சான், அங்கிட்டு தனியா என்ன செய்ற? இங்கிட்டு வா, எடம் கெடக்கு."

நான் எழுவதற்குள் வலை பின்னுகிறவன்தான் முந்திக்கொண்டான். "பாத்துப்பா, பக்கத்துல வச்சுக்கிட்டா ஒனக்கும் அனலடிக்கும்."

"அடிச்சா அடிக்கட்டும். நாளைக்குக் கடலுக்குப் போகணும். ஒன்னையவா கூட்டிட்டுப் போறது? நீ கரையில நிக்கிற வள்ளத்துலயே வாந்தி எடுக்குறவன்."

இப்போது சிரிப்பு அந்தப் பக்கம் போனது. நான் எழுந்து எல்லாரையும் தாண்டிப் போனேன். அவன் கையால் மணலைக் கூட்டி எனக்கு ஒரு மேடு கட்டிக் கொடுத்தான். மடியிலிருந்த அவித்த பனங்கிழங்கில் ஒன்றை முறித்துப் பாதியைத் தந்தான். வேறு எதுவும் கேட்கவில்லை. மீதிப் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் கடலுக்குப் போனோம். அதற்குப் பிறகு காய்ச்சல் பேச்சை எவரும் எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெரியவரைச் சந்தையில் பார்த்தேன். ஆபரேட்டர் பெட்டியிலிருந்த ரீலை மாற்றி மாட்டிவிட்டான் என்றார். சாப்பாட்டுக் கடை முதலில் வர வேண்டியதாம், திருட்டுக்கு முந்தி. உண்மைக் கதையில் மன்னிப்பே கிடையாதாம். விலங்கு மாட்டப்பட்டவன் தப்பி வந்து சிநேகிதனைச் சுட்டுவிடுவானாம். "சனம் கத்துமேன்னு வாயில வந்ததச் சொன்னேன் தம்பி" என்றார்.

அன்று வள்ளத்தில் இதைச் சொன்னேன். அவன் பாயை இறக்கிக்கொண்டே, "எனக்கு அங்கனயே தெரியும்" என்றான்.

"எப்புடி?"

"கண்ணாடிய ஒடைக்கும்போது விலங்கு மாட்டுனவன் கன்னத்துல வெட்டு விழுந்துச்சுல்ல? சோறு திங்கும்போது அந்தத் தழும்பக் காணோம். அப்ப அது முந்தி நடந்ததுதானே?"

"தெரிஞ்சுமா என்னைய கூப்ட்ட?"

"நீ சொல்லிக் குடுக்கலங்கறதுந்தான் தெரியும். ஒரு வாரமா ஒன்னைய எப்புடிக் கூப்புடுறதுன்னு யோசிச்சுக்கிட்டுக் கெடந்தேன். நீயும் வர மாட்டேங்குற. நான் வீடு தேடி வந்தா, மெரட்ட வந்தேம்பாங்க. அன்னைக்கு ஊரே அந்தப் பெருசு சொன்னத நம்பி உக்காந்திருந்துச்சு. அப்பக் கூப்ட்டா எவனும் தப்பாப் பேச மாட்டான்னு கூப்ட்டேன். கயித்தப் பிடி, பேச்சக் கொறை."

கயிற்றைப் பிடித்தேன். கண்ணில் உப்புத் தண்ணீர் தெறித்தது என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போதும் அதே வள்ளத்தில்தான் போகிறோம். ரீல் மாற்றிய ஆபரேட்டருக்கும் கூசாமல் பொய் சொன்ன பெரியவருக்கும் நான் கடமைப்பட்டவன். அவர்கள் இருவருக்கும் அது தெரியாது. சிநேகிதனுக்குத் தெரியும். ஆனால் நான் இதுவரை அவனிடம் நன்றி என்று வாயால் சொன்னதில்லை. அவனுக்கு எழுத்துத் தெரியாது. நாளைக்கு வலை காய்கிற நேரத்தில் இதைப் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். நடுவில் கேலி செய்வான். செய்தால் செய்யட்டும், கடைசிவரை படித்துவிடுவேன்.

சர்வதாரி வருஷம், ஐப்பசி 12.