சன்னாசி ருசி பார்க்கவில்லை

சாமிக்குப் படைக்கும் முன் சாப்பாட்டை வாயில் வைத்தவன் என்று சொல்லி, சன்னாசியைக் கோயில் அடுப்படியிலிருந்து விரட்டினார்கள். அது பொய். சொன்னவர்களுக்கும் அது பொய் என்று தெரியும். அவன் செத்தபோது அந்தப் பொய்யைத் திரும்பப் பெறாமலேயே அவனை எரித்துவிட்டார்கள்.

செய்தி எனக்குக் கைப்பேசியில்தான் வந்தது. தஞ்சோங் காராங்கில் அரிசி வாங்கிக்கொண்டு நின்றேன். கோயில் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் போட்டிருந்தார்: கூப்பிய கைகள், எரியும் விளக்கு, கீழே ‘அன்னதானச் செம்மல் சன்னாசி அண்ணன் மறைந்தார்’. பல வருடங்களாக அவனை அடுப்படிப் படி ஏறவிடாதவர் கொடுத்த பட்டம் அது. அரிசியைக் கடையிலேயே விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

இதைப் படிக்கும் நம் தோட்டத்து ஆட்களுக்கு அவனைத் தெரியும். கோல சிலாங்கூர் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். லயத்து வீடுகளை இடித்து நம்மை அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகும் மாரியம்மன் கோயில் பழைய இடத்திலேயே நின்றது. திருவிழாச் சமையலும் அவன் கையிலேயே நின்றது. தங்கமானவன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வாய் மோசம். காய் நறுக்க வந்தவர்களை அழவைத்து அனுப்புவான். ஆனால் படையல் முடியும்வரை ஒரு துளியை நாக்கில் படவிட மாட்டான். உப்பு சரியா என்று யாராவது கேட்டால், “பசியோட அடுப்படிக்கு வர்றவன்தான் நக்கிப் பாப்பான். நான் வீட்டுலயே தின்னுட்டு வந்துட்டேன்” என்பான். ஆவியை முகர்வான், கரண்டியைத் தூக்கி அது வழியும் விதத்தைப் பார்ப்பான். அவ்வளவுதான்.

அவனை விரட்டிய வருடத் திருவிழாவில் பாஸ்தா போட வேண்டும் என்று இளைஞர் அணி கேட்டது. கோயில் தலைவரின் மகன் தினேஷ் ரவாங்கில் வேலை செய்பவன். அங்கிருந்து வெள்ளைச் சாஸ் பைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தான். பாஸ்தா வெந்து முடிந்த நேரத்தில் சன்னாசி ஒரு பையைப் பிரித்து முகர்ந்தான்.

“டேய் தினேஷ், பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படி.”

அவன் படித்தான். முகம் செத்துப்போனது. “சிக்கன் ஸ்டாக் தாத்தா. வெஜிடேரியன்னு நெனச்சிட்டேன் லா.”

“காப்பு கட்டியிருக்கு, அம்மனுக்குக் கோழிச்சாறு ஊத்த வந்தியா? தூக்கிட்டுப் போ. ஒங்கப்பன் குடிக்கட்டும்.”

தலைவர் வாசலில் நின்று இதைக் கேட்டார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவர் காது சிவந்ததைப் பார்த்தேன். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

கோயில் சரக்கு அறையில் சீஸ் ஏது, கிரீம் ஏது. பொட்டுக்கடலை இருந்தது, உடைத்த தேங்காய் இருந்தது, நீர்மோருக்கு வைத்த தயிர் இருந்தது. கடலையை மாவாக அரைத்துத் தேங்காய்ப்பாலில் கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் கிண்டினான். அது திரண்டு பளபளத்தது. இறக்கி வைத்த பிறகு புளித்த தயிரை அடித்து ஊற்றினான். நெய்யில் பெருங்காயம் பொரித்துக் கொட்டி மிளகைத் தட்டிப் போட்டான். “சீஸுன்னா என்னா, புளிச்ச பாலு. அந்த நாத்தத்துக்குத்தான் பெருங்காயம்” என்றான். கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தான். கோடு மூடவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். வேட்டியில்தான் துடைத்தான்.

படையல் முடிந்தது. வழக்கம்போல முதல் இலை தலைவருக்கு. ஒரு வாய் வைத்தவர், “என்ன லா இது, உப்பே இல்ல. உப்பக் கொண்டா” என்றார். பாஸ்தா வெந்த தண்ணீரில் பையன்கள் உப்புப் போட்டிருப்பார்கள் என்று சன்னாசி நம்பியிருந்தான். யாரும் போடவில்லை. அவன் ஓடிப்போய் உப்பைக் கரைத்து அண்டாவில் ஊற்றிய பிறகுதான் மற்ற இலைகளுக்குப் போனது. பிள்ளைகள் அண்டாவைச் சுரண்டித் தின்றார்கள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்தார். சன்னாசி விரலை வாயில் வைத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். ருசி பார்க்காமல் வெள்ளைக்காரன் சாப்பாட்டை எவனால் செய்ய முடியும் என்றும் கேட்டார். தலையாட்டுவதற்கென்றே செயற்குழுவில் இருப்பவர்கள் ஆட்டினார்கள். கோழிச்சாற்றைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், அவன் வாயில் வைக்கவில்லை என்றேன். “நீங்க அவரு கூட்டாளி, ஒங்க சாட்சி செல்லாது” என்றார் செயலாளர்.

ருசி பார்த்தவன் உப்பில்லாததை அம்மன் முன் வைப்பானா என்று கேட்க வாயெடுத்தேன். மேசைக்கடியில் சன்னாசி என் தொடையை அழுத்தினான்.

“உப்பு இல்லன்னு மட்டும் சொல்லிடாத.”

“எச்சில் பண்ணிட்டன்னு சொல்றானுங்கடா.”

“அது பொய்யி. இது நெஜம்லா.”

எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த தன் நீளக் கரண்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினான். அதற்குப் பிறகு திருவிழாவுக்கு வந்தால் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போவான். உள்ளே வா என்று கூப்பிட ஒருவருக்கும் முதுகெலும்பு இல்லை. அவன் உயிரோடு இருந்தவரை அவன் சொல்லுக்கு நான் கட்டுப்பட்டேன். இனி இல்லை.

பதினாறாம் நாள், கோயில் மண்டபத்தில், எவனோ ஒரு கடைக்காரன் செய்த பாஸ்தாவை வைத்து, “இது நம்ம சன்னாசி அண்ணன் கண்டுபிடிப்பு” என்று தலைவர் பேசினார். அது சுவரொட்டிப் பசை மாதிரி இருந்தது. கேட்டு வாங்கித் தின்றார். பொய்யைச் செரித்த வயிற்றுக்குப் பசை எம்மாத்திரம்.

இப்போது நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். தலைவர் வரும் வெள்ளிக்கிழமைப் பூசையில் அம்மன் முன் நின்று, ‘அன்று என் இலையில் உப்பு இல்லை’ என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் பேச வேண்டாம், பேசினால் அதிலும் தன்னைப் புகழ்ந்துகொள்வார். செயலாளர் அந்தச் செம்மல் பட்டத்தை அழித்துவிட்டு, பொய்ப் பழி போட்டோம் என்று அதே குழுவில் எழுத வேண்டும். தலையாட்டியவர்கள் அன்று தலை குனிந்து நிற்க வேண்டும். தினேஷ், வாங்கி வந்தது கோழிச்சாறு என்று நீ உரக்கச் சொல்ல வேண்டும். உன் அப்பா தாங்கிக்கொள்வார்.

சன்னாசியின் கரண்டியை அவன் மனைவி என்னிடம் கொடுத்திருக்கிறாள். இவர்கள் தங்கள் வேலையைச் செய்து முடித்தால், அதைப் பழைய ஆணியில் நானே மாட்டுவேன். அடுத்த திருவிழாவுக்குக் கடலை அரைத்து அந்த வெள்ளைக் குழம்பை நான் கிண்டுவேன். பாஸ்தாத் தண்ணீரில் உப்புப் போட்டாயிற்றா என்று கேட்டுக்கொள்வேன். நாக்கில் வைக்க மாட்டேன்.