புலிக் கம்பளிக்குள் ஒரு சட்டி மாவு

குவைத்தில் மாவைப் பிசைந்து வைத்துவிட்டு ஒரு அறையைக் கூட்டி முடிப்பதற்குள் அது சட்டியின் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்க்கும். நான்கு வருஷம் நான் வேலைக்கு நின்ற வீட்டில் வாரத்துக்கு இரண்டு தரமாவது பேரீச்சம்பழம் வைத்த பணிஸ், அதாவது இனிப்பு பன், சுட்டேன். ஈஸ்டை நான் ஒருநாளும் மதித்ததில்லை. அது பாட்டுக்குப் பொங்கும், நான் பாட்டுக்கு வேலை பார்ப்பேன். அந்தத் திமிரோடுதான் மலைநாட்டில் வட்டகொடைக்குப் பக்கத்திலுள்ள, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்குத் திரும்பி வந்தேன்.

நான் போகும்போது என் மகளுக்கு மூன்று வயது. வரும்போது ஏழு. நடுவில் அவள் பார்த்ததெல்லாம் போன் திரையில், கழுத்துக்கு மேலே இருந்த என்னைத்தான். வாசலில் வந்து நின்ற என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, அப்பாவின் காதில், எல்லாருக்கும் கேட்கும்படி, "இவ்ளோ உயரமாவா இருப்பாங்க?" என்று கேட்டாள். லயமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, உள்ளே போய் அழுதேன்.

அவள் அடங்காத பிள்ளை இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், கொடுத்ததைச் சாப்பிடுவாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பிள்ளைகள் எப்படி இருக்குமோ அப்படி இருந்தாள். வந்த அன்றைக்கே ஆசையோடு அவள் கட்டிலில் போய்ப் படுத்தேன். சத்தமில்லாமல் எழும்பினாள். தலையணையைத் தூக்கிக்கொண்டு, கீழே பாயில் படுத்திருந்த அப்பாவிடம் போய்விட்டாள். அதன்பிறகு கட்டில் அவளுக்கு, பாய் எங்கள் இரண்டு பேருக்கும். இரண்டு மாதம் கடந்தும் அதில் மாற்றமில்லை. "போகப் போகச் சரியாயிரும் புள்ள" என்பார் என் வீட்டுக்காரர். போகப் போக என்றால் எதுவரைக்கும்? எனக்குப் பொறுமை என்று ஒன்று பிறந்ததிலிருந்தே கிடையாது.

நான் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்த சாமான்களில் அவள் மனதாரத் தொட்டது ஒன்றே ஒன்று, புலிப் படம் போட்ட தடித்த கம்பளி. புலியைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். கொண்டுவந்தவள் கீழே சிமெந்துத் தரைக் குளிரில் கிடந்தாள்.

பணிஸ் சுட்டு இவளை வளைத்துப் போட்டுவிடலாம் என்று திட்டம் போட்டேன். தலவாக்கலைக்கு பஸ் ஏறிப் போய் ஈஸ்ட் பொட்டலம் வாங்கி வந்தேன். பேரீச்சம்பழத்துக்கு நான் எங்கே போவது? தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில் நிற்கும் பேரிக்காய் மரத்தில் காய் நிறையக் கிடந்தது. கல்லு மாதிரிக் காய்தான், ஆனாலும் சீனியும் கறுவாப்பட்டையும் போட்டு வேகவைத்தால் இளகிவிடும். மாவைப் பிசைந்து மூடி வைத்தேன். ஒரு மணித்தியாலம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. மூடியைத் திறந்தால் வைத்தது வைத்தபடி கிடந்தது. மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் அடுப்படிக்குள்ளேயே வந்து நின்றது. எனக்கு வந்த கோபத்தில் அப்படியே உருட்டிச் சுட்டுவிட்டேன்.

ஒன்றைக் கையில் வாங்கி எடை பார்த்தார் வீட்டுக்காரர். "தோட்டத்துக்கு வர்ற பன்னியெல்லாம் இத எறிஞ்சே வெரட்டிறலாம்" என்றார். மகள் பல் படாமல் ஓரத்தை நக்கிவிட்டு, "நல்லா இருக்குங்க" என்றாள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மறுபடி பிசைந்தேன். இந்தமுறை சட்டியை அடுப்போரம் வைத்தேன். ஒரு பக்க மாவு வெந்து தோல் கட்டத் தொடங்கியது. அவசரமாகத் தூக்கிக்கொண்டு வீடு முழுவதும் சூடு தேடினேன். வீடென்றால் அடுப்படியும் ஒரு அறையும்தான். கதகதப்பாக இருந்தது ஒரே இடம், அந்தக் கம்பளிக்குள், இன்னும் தூங்கிக்கொண்டிருந்த மகளின் வயிற்றுப் பக்கம். சட்டியைத் துவாய்த் துண்டில் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நகர்த்தினேன். அவள் விழிக்கவில்லை. தூக்கத்திலேயே முழங்காலை மடக்கி, சட்டியை அணைத்துக்கொண்டாள். ஒரு சட்டி மாவைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தது.

நான் அடுப்படியில் பேரிக்காயைக் கிளறிக்கொண்டிருந்தபோது அறையிலிருந்து கத்தல் கேட்டது.

"அப்பா! அப்பா! ஓடி வாங்க!"

கரண்டியோடு ஓடினேன். கம்பளியை விலக்கிவிட்டுக் கட்டிலில் குந்தியிருந்தாள். துவாயை முட்டித் தள்ளிக்கொண்டு மாவு எழும்பியிருந்தது. வழுவழுப்பாக, வெள்ளையாக, வயிறு நிறைந்த குழந்தை போல. நூறு தரம் பார்த்த காட்சிதான். ஆனால் அன்றைக்குத்தான் முதல்தரம் பார்க்கிற மாதிரி எனக்கு மெய்சிலிர்த்தது. இந்தக் குளிரிலா? ஒரு சின்னப் பிள்ளையின் உடம்புச் சூட்டிலா?

அவள் ஒரு விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. பிறகு அந்தக் குழி மெல்ல மெல்ல மேலே வந்தது. "அப்பா, இது மூச்சு வுடுது."

"எனக்கென்ன தெரியும்? ஒங்கம்மாகிட்ட கேளு" என்றார் அவர்.

மாவைப் பார்த்தபடியே என்னைக் கேட்டாள். "இதுக்கு உசிரு இருக்கா?"

"இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி மாதிரி. சீனியத் தின்னுட்டு மூச்சு வுடும்."

"அன்னைக்கு ஏன் எழும்பல? செத்துப்போச்சா?"

"சாகல. குளிருக்குத் தூங்கிருச்சு. நாந்தான் அவசரப்பட்டு அடுப்புல வச்சிட்டேன்."

அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். நான் இரண்டு மாதமாகச் சொன்ன எந்தக் கதையையும் அவள் இப்படிக் கேட்டதில்லை.

உருண்டை பிடிக்கும்போது பக்கத்திலேயே நின்றாள். ஒவ்வொன்றையும் தட்டையாக்கி, நடுவில் பேரிக்காய் வைத்து மூடினோம். அவள் மூடியது எல்லாம் வாய் திறந்து பாகு வடித்தது. "இன்னொரு தரம் பொங்கணும்" என்று சொன்னதுதான் தாமதம், தட்டைக் கட்டிலில் வைக்கச் சொல்லி, கம்பளியைப் போர்த்தி, பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டாள். பகல் பத்து மணிக்கு. அப்பா எட்டிப் பார்த்தபோது, "பேசாதீங்க, முழிச்சிக்கிட்டு இருக்கு" என்றாள்.

எங்களிடம் அவன் அடுப்பு கிடையாது. பெரிய அலுமினியச் சட்டியின் அடியில் மணல் போட்டு, உள்ளே தட்டை வைத்து மூடி, மூடிமேல் தணலைக் கொட்டினேன். கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைச் செடியின் மிளாறுக் குச்சி எரிந்த தணல், நின்று சுடும். கறுவா வாசம் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் போனது. மூடியைத் திறந்தபோது நாங்கள் மூன்று பேரும் குனிந்து எட்டிப் பார்த்தோம். பணிஸ்கள் பொன்னிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாகு கசிந்து, ஆவி பறந்துகொண்டு இருந்தன. குவைத்தில் பளபளக்கும் அவன் அடுப்பிலிருந்து எத்தனையோ தட்டு எடுத்திருக்கிறேன். ஒன்றைக்கூட இப்படி நின்று பார்த்ததில்லை.

மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "பாட்டுப் போட்டுட்டு பாண் பணிஸ் விக்க வர்ற ஓட்டோவுல வாங்கினதா?" என்று யாரோ கேட்டது எனக்குக் கேட்டது. "இல்ல, எங்க கட்டில்ல நாந்தான் அடகாத்தேன்" என்றாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் பாயை விரித்தேன். அவள் கட்டிலில் சுவரோரமாக நகர்ந்து, காலையில் சட்டி இருந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் மாவு வைப்பீங்களா?"

"நாளைக்கு ஒனக்குப் பள்ளிக்கூடம். மாவு இல்ல."

அவள் கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"அப்ப நீங்க வந்து படுங்க. இந்தப் பக்கம் குளிருது."

எங்கே மனம் மாறிவிடுவாளோ என்று, கை கால் கழுவாமல் அப்படியே ஏறிப் படுத்தேன். அந்த மாவுச் சட்டி கிடந்த மாதிரியே அசையாமல் கிடந்தேன். இந்தமுறை நான் அவசரப்படவில்லை. அவள் புரண்டாள், முழங்காலை மடக்கினாள், பனிக்கட்டி போலிருந்த இரண்டு பாதங்களையும் என் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.