கல் என்றால் நாளை

எங்கள் வீட்டில் கேஸ், பேங்க், ஆதார், ரேஷன் எல்லாம் என் ஒரே நம்பரில்தான் இருந்தன. யார் எதற்கு மனு போட்டாலும் ஓடிபி என் போனுக்குத்தான் வரும். நான் எங்கள் தீவில் ஹேடோ என்ற இடத்தில் ஒரு குடோனில் டேலி எழுதுகிறவன். மெயின்லேண்ட் கப்பலில் இறங்கிய மூட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது பாக்கெட்டில் போன் அதிரும். மனைவி அடுத்த நிமிடமே கூப்பிடுவாள். ஆறு எண்களையும் படித்துச் சொல்வேன். அதற்குள் மூட்டைக் கணக்கு மறந்துவிடும். "ஓடிபி ஆபீசர் வந்தாச்சு" என்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது கேலி செய்வாள். பத்தாவதோடு நின்றவனுக்கு அந்த ஆபீசர் பதவியாவது கிடைத்ததே என்று நானும் சிரித்துக்கொள்வேன்.

மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. மதுரையில் என் மனைவியின் தங்கை வீட்டில் தங்கிப் படிக்கலாம் என்று முடிவாகி, பிரவுசிங் சென்டரில் மனு போட உட்கார்ந்தோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் மாணவியின் போன் நம்பர் கேட்டாள். நான் என் நம்பரைச் சொன்னேன்.

"அங்கிள், பாப்பா மதுரைக்குப் போகப் போகுது. அவ நம்பரே போட்டா அவளுக்கு வசதி" என்றாள்.

என் நம்பரே இருக்கட்டும் என்றேன். பெண் பிள்ளையின் நம்பரை முன்பின் தெரியாத இடத்தில் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து அப்பாக்கள் எல்லோருக்கும் உள்ள எண்ணம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருந்தாள். அவளும் என்னைப் போலத்தான், வாய் திறக்க மாட்டாள்.

நாங்கள் இருப்பது பாம்பூஃப்ளாட்டில். தினமும் ஃபெர்ரியில் கடலைத் தாண்டி எதிர்க்கரையில் இருக்கும் சாத்தம் போய் அங்கிருந்து வேலைக்குப் போவேன். ஃபெர்ரியில் போனைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் கிடையாது. எந்த சிம் நல்ல சிம், எந்தக் கம்பெனி போன் சூடாகிறது, கடலுக்கு அடியில் கேபிள் போட்ட பிறகு உண்மையிலேயே வேகம் கூடியதா, இல்லை நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று பேசிக்கொண்டே வருவார்கள். கேபிள் வருவதற்கு முன்பு ஒரு கல்யாணப் போட்டோவை அனுப்ப ஆரம்பித்தால் இக்கரையிலிருந்து அக்கரை போயும் அது போய்ச் சேராது. இப்போது ஃபெர்ரியிலேயே சினிமா பார்க்கிறார்கள். எனக்கும் அபிப்பிராயங்கள் இருந்தன. ஆனால் நான் ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டு வருவதோடு சரி.

சீட் ஒதுக்கியிருப்பதாக, முன்னதாகவே மதுரைக்குப் போயிருந்த மகள் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் போன் செய்தாள். குரலே மாறியிருந்தது. அரசுக் கல்லூரி. புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் இன்டர்நெட்டில் சம்மதம் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சித்திக்கு நாளைக்கு லீவு, நாளைக்கு உட்கார்ந்து முடித்துவிடுவோம், போனைக் கையிலேயே வைத்திருங்கள் அப்பா என்றாள்.

அன்று சாயங்காலமே டவர் போய்விட்டது. ஒரு சிம் இல்லை, எல்லா சிம்மும். லேண்ட்லைனும் இல்லை. கேபிள் அறுந்துவிட்டது என்றார்கள், எங்கே அறுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஃபெர்ரியில் எல்லோரும் போனைக் கையில் வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் என் போனை அணைத்துப் போட்டேன், சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். சாத்தம் வருவதற்குள் நாலு முறை அப்படிச் செய்திருப்பேன்.

மகளை எனக்குத் தெரியும். அப்பா நம்பருக்கு ஓடிபி வரும் என்று சொன்னால் வரும் வரை உட்கார்ந்திருப்பாள். அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மதுரையில் இருக்கும் உதவி மையத்துக்கு மார்க் ஷீட்டோடு நேரில் போனால் நம்பரை மாற்றிக் கொடுப்பார்கள் என்று பிரவுசிங் சென்டர் பெண் மனு போட்ட அன்றே என்னிடம் சொல்லியிருந்தாள். மகள் அப்போது வெளியே நின்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். என் நம்பருக்குக் காத்திருக்காதே, போய் மாற்றிக்கொள் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

குடோனில் நிற்கும்போதுதான் தாதாவின் நினைவு வந்தது. டாலிகஞ்சில் இருக்கும் வங்காளி; வங்காளிகளுக்கு தாதா என்றால் அண்ணன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்க லைசென்ஸ் வைத்து வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் ஊராகப் பேசுகிறவர். மெயின்லேண்டிலிருந்து அவருக்கு வரும் பார்சல்களை எங்கள் குடோனில்தான் வந்து எடுத்துப்போவார். வாட்ஸ்அப் காலத்தில் இந்த வயதில் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருக்கிறார், இவரால் எங்கள் டிவி இரைகிறது என்று அவர் தெருக்காரர் ஒருவர் ஃபெர்ரியில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் சிரித்திருக்கிறேன்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடி மாதிரி கம்பி கட்டியிருந்தது. அவர் தமிழர்கள் எல்லோரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார், என்னைவிட இருபது வயது மூத்தவர்.

ஹிந்தியில்தான் சொன்னேன். மகள் மதுரையில் இருக்கிறாள், நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது, ஓடிபி என் போனில், என் போன் செத்துக் கிடக்கிறது. அவர் பொறுமையாகக் கேட்டார். சும்மா நாட்களில் அடுத்தவர் செய்தியைச் சொல்லக் கூடாது, போனெல்லாம் போன நேரம் என்பதால் சொல்லலாம், நோட்டில் அவசரம் என்று எழுதிக்கொள்கிறேன் என்றார். தினமும் நாலு மணிக்குச் சென்னையில் ஒரு தமிழ் நண்பரோடு பேசுவாராம். அந்த நண்பர் என் மகளுக்குப் போன் செய்து சொல்லிவிடுவார். கடைசி நாள் எது என்று தாதா கேட்டார்.

"கல் லாஸ்ட் டேட், தாதா. பாஞ்ச் பஜே" என்றேன், நாளை ஐந்து மணி என்ற அர்த்தத்தில்.

"கல்?"

"ஹாங், கல்."

அவர் உச்சுக் கொட்டினார். ஐயோ பாவம் என்பது போல என் தோளைத் தொட்டார். நான் நம்பர் மாற்றும் விஷயத்தை ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி, புரிந்தது அண்ணா, அதை விடு, ரேடியோவில் சுருக்கமாகத்தான் பேசணும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் நிறுத்திக்கொண்டேன். தெரிந்தவர், அவருக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

ஹிந்தியில் நேற்றுக்கும் கல்தான், நாளைக்கும் கல்தான். பின்னால் வரும் சொல்லை வைத்துத்தான் எது என்று தெரியும். கல் ஹை என்றால் நாளை, கல் தா என்றால் நேற்று. எங்கள் தீவுத் தமிழர்கள் பேசும் ஹிந்தியில் அந்த வால் இருக்காது. கல் கப்பல், கல் லீவு, கல் பார்சல் என்று பேசியே காலத்தை ஓட்டிவிட்டோம். குடோனில் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். அன்று என் முகம், எல்லாம் முடிந்துபோனவன் முகம் போல இருந்திருக்க வேண்டும்.

நாலு மணிக்கு ஸ்பீக்கரில் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் வந்தது. தாதா மைக்கின் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் வேகமாகப் பேசினார். மகளின் நம்பரை என் போனைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக இரண்டு முறை சொன்னார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஃபாதர், டாட்டர், நர்சிங் எல்லாம் புரிந்தன. நடுவில் யெஸ்டர்டே என்று ஒரு சொல் வந்தது. தாதா என்று மெதுவாகக் கூப்பிட்டேன். பட்டன் அமுங்கியிருக்கும்போது பேசக் கூடாது என்று உள்ளங்கையைக் காட்டினார். அந்தப் பக்கம் சரி சரி என்றது. பிறகு இரைச்சல் ஏறி, குரல் அமுங்கிப்போனது.

தாதா திரும்பி, ஆச்சு என்பது போலச் சிரித்தார். அப்போது கேட்டிருக்கலாம். யெஸ்டர்டே என்றீர்களே, அது எதைப் பற்றி என்று ஒரு கேள்வி. என் போன் நேற்றுத்தானே செத்தது, அதைச் சொல்லியிருப்பார் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். இவ்வளவு உதவி செய்தவரிடம் போய், நீங்கள் சொன்னது சரியா என்று கேட்பதா? டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். "சரியாச் சொன்னாரா? நம்பரை மாத்தச் சொன்னாரா?"

சொன்னார் என்றேன்.

"நீங்க காதால கேட்டீங்களா?"

"இங்கிலீஷ்ல பேசினாரு."

அவள் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, மகளின் நம்பரையும் நம்பர் மாற்று, காத்திருக்காதே என்ற செய்தியையும் எழுதி என் சட்டைப் பையில் வைத்தாள். காலையில் ஏர்போர்ட்டுக்குப் போங்க, சென்னைக்குப் போற யார்கிட்டயாவது குடுங்க, எறங்கினதும் போன் பண்ணச் சொல்லுங்க, வாயைத் திறந்து கேளுங்க என்றாள்.

புதன்கிழமை காலை ஏர்போர்ட் வாசலில் நின்றேன். சூட்கேஸை இழுத்துக்கொண்டு ஆட்கள் போனார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இவர் கோபக்காரர் போலிருக்கிறார், இவர் கைக்குழந்தையோடு இருக்கிறார், இவர்கள் புதுசாகக் கல்யாணமானவர்கள். ஒருவரை நெருங்கி சார் என்றேன். ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் நின்ற போலீஸ்காரர் நகரச் சொன்னார். நகர்ந்தேன். செய்திதான் நேற்றே ரேடியோவில் போய்விட்டதே, இது எதற்கு இரண்டாவது தடவை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த நினைப்பு இல்லாவிட்டால் இன்னும் ஒரு ஆளையாவது கேட்டிருப்பேன். துண்டுச் சீட்டு பையிலேயே இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. நாலு மணிக்கு தாதா வீட்டில் இருந்தேன். அவர் ரேடியோவிலிருந்து கம்பியைப் பிடுங்கி ஒரு பாட்டிலுக்குள் போட்டு வைத்திருந்தார். மின்னல் அடிக்கும்போது தொட்டால் பெட்டியும் போகும், நானும் போவேன் என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து மழையைப் பார்த்தோம். அந்தக் காலத்தில் புயல் வந்தபோது ரேடியோ எப்படி உதவியது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் கடிகாரம் இருந்தது. ஐந்து மணி ஆனபோது அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவரைப் பொறுத்தவரை அந்தக் கடைசி நாள் திங்கட்கிழமையே போய்விட்டது. எனக்கு அது அப்போது தெரியாது. மகள் காலையிலேயே மையத்துக்குப் போய் எல்லாம் முடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நானும் நிதானமாகத்தான் இருந்தேன்.

வியாழக்கிழமை காலை ஃபெர்ரி நடுக்கடலில் இருக்கும்போது டவர் வந்தது. அத்தனை போனும் ஒரே நேரத்தில் கத்தின. என் போனும் விடாமல் அதிர்ந்தது. ஓடிபி, ஓடிபி, ஓடிபி. செவ்வாய்க்கிழமை நாலு தடவை. புதன்கிழமை ஒன்பது. கடைசியாக வந்தது நாலு ஐம்பத்தேழுக்கு அனுப்பியது. ஒவ்வொன்றின் கீழேயும் பத்து நிமிடம்தான் செல்லும், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று இருந்தது.

மகள் உடனே எடுத்தாள். நான் கேட்பதற்கு முன்பே அவளே பேசினாள்.

"அப்பா, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒருத்தர் போன் பண்ணாரு. ரேடியோன்னாரு, நான் பாட்டு போடற ஸ்டேஷன்னு நெனச்சேன். சீட் வேலை நேத்தே முடிஞ்சிருச்சான்னு உங்க அப்பா கேக்குறாருன்னாரு. நாளைக்குத்தானே கடைசி, அப்பா நாளைத் தப்பா வச்சிருக்காருன்னு சித்தி சிரிச்சாங்க. நீங்க கேட்டு அனுப்பினீங்கன்னா அங்க போன் வந்துருச்சுன்னுதானே அர்த்தம்? அதான் திரும்பத் திரும்ப அனுப்பிப் பாத்தேன்."

"மையத்துக்குப் போகலியாம்மா?"

"எந்த மையம்?"

சுற்றிலும் எல்லோரும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். கல் என்றால் நாளை என்று அவளுக்கு எங்கே போய்ச் சொல்வது? சரிம்மா, சாப்பிட்டியா என்று கேட்டேன். அவள் அழுதது இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றே வைத்துக்கொண்டேன்.

அந்த சீட் போய்விட்டது, அடுத்த சுற்றிலும் அவளுக்கு எதுவும் வரவில்லை. இப்போது ஒரு தனியார் இடத்தில் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படிக்கிறாள். அதுவும் நல்ல படிப்புதான் என்று அவளே என்னிடம் சொல்கிறாள்.

சில வாரம் கழித்து தாதா பார்சல் எடுக்க குடோனுக்கு வந்தார். லோடர்கள் எல்லோரும் இருந்தார்கள். மகள் விஷயம் ஹோ கயா என்று கேட்டார். நானும் ஹோ கயா என்றேன். காரியம் நடந்தது என்பதற்கும், எல்லாம் முடிந்துபோனது என்பதற்கும் அதே சொல்தான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. போனெல்லாம் போனபோது, கடைசி நாள் தாண்டியும், இந்த அண்ணாவின் மகளுக்கு ரேடியோதான் சீட் வாங்கிக் கொடுத்தது என்று லோடர்களிடம் ஹிந்தியில் விவரமாகச் சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் மூட்டைகளைத் திரும்ப முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். சென்னை நண்பர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வா என்றார். எப்படி மறுப்பது?

போனேன். அன்று குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போலத் தெளிவாக வந்தது. நான் இருப்பது தெரிந்ததும் அந்த நண்பர் எனக்காகத் தமிழில் கேட்டார்.

"என்ன சார், பாப்பா சேந்துட்டாளா?"

லைசென்ஸ் இல்லாத நான் மைக்கில் பேசக் கூடாது. தாதா பட்டனில் விரலை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். தலையாட்டினேன். அவர் அமுக்கிக்கொண்டு வெகுநேரம் இங்கிலீஷில் பேசினார். நர்சிங் என்பது புரிந்தது, ஹேப்பி என்பது புரிந்தது.

"ரொம்ப சந்தோஷம் சார், நான் விசாரிச்சேன்னு பாப்பாகிட்ட சொல்லுங்க" என்றது குரல்.

சொல்கிறேன் என்று ஸ்பீக்கரைப் பார்த்தும் தலையாட்டினேன்.